பாடுது, எறங்கல

அப்பாவின் போனில் இருந்த பெயர்களை வரிசையாகக் கூப்பிட்டுச் சாவுச் செய்தி சொல்லிக்கொண்டு வந்த ஜோஸ்பின், நெட்டப்பாக்கத்து நாகராஜனோடு பேசி முடித்திருந்தாள். “அப்பா தவறிட்டாரு. இன்னைக்கு நாலு மணிக்கு அடக்கம்.” நேற்றிலிருந்து இதையே சொல்லி அவள் வாய் மரத்துப்போயிருந்தது. போனில் அழுதவர்களுக்கு அவள்தான் ஆறுதல் சொன்னாள்.

அடுத்த பெயரைத் தேடுவதற்குள் போனே அடித்தது. ‘ஹப்சா பி.ஏ.’ என்று திரையில் வந்தது. யாரென்று தெரியவில்லை.

“சார், நான்தான் சார், பாகூர் ஹப்சா. நாலாவது யூனிட் மறுபடியும் பாடுது சார். எறங்கவே மாட்டேங்குது.”

ஜோஸ்பின் எழுந்து சின்ன அறைக்குள் போனாள்.

அப்பா இன்னாசிமுத்து மில்லில் டைம் கீப்பராக இருந்தவர். மில்லை மூடிய பிறகு, கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வாசகம் வாசிக்கும் அவர் குரலைக் கேட்ட ஒரு பேராசிரியர், கண் தெரியாத பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து தர முடியுமா என்று கேட்டார். மூன்று வருஷமாக இந்த அறையில்தான், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க வாசித்தார். அந்தப் பதிவுகளைப் போட்டுவைக்க ஒரு வெப்சைட் செய்து கொடுத்தவள் ஜோஸ்பின். சென்னையில் அவளுக்கு அதுதான் வேலை.

“சார் இல்லம்மா. நான் அவரோட பொண்ணு.”

“அக்கா, சார்கிட்ட குடுங்களேன். அவசரம்.”

கூடத்தில் பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஹப்சாவுக்கு அது கேட்டுவிட்டது. கண் தெரியாதவர்களுக்குக் காது கூர்மை.

“அங்க ஜெபம் நடக்குதா அக்கா?”

“ஆமா.”

“யாருக்கு?”

“அப்பாவுக்கு.”

போனில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஹப்சாவின் குரல் மிகவும் சின்னதாக வந்தது. “நான் வெச்சிடறேன் அக்கா.”

“வெக்காத. பரிச்ச எப்போ?”

“நாளைக்கு. அரியர் பேப்பர். இந்த வாட்டியும் போச்சின்னா வூட்டுல நிறுத்திடுவாங்க.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். “எங்க வூட்டுல டவர் கெடைக்காது அக்கா. அதான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். இங்க எறக்கிட்டா ராத்திரி கேட்டுக்கலாம்.”

“தொட்டதும் பாட ஆரம்பிக்குது, இல்ல?”

“ஆமாக்கா. மூணு புள்ளி இருக்கும், அத அமுக்குனா எறங்கும்னு சார் சொன்னாரு. எங்க இருக்குன்னு போனே வாயால சொல்லும், அத வெச்சித்தான் நாங்க தேடறது. ஆனா சார் குரலும் போன் குரலும் ஒண்ணா பேசுதா, ஒண்ணும் வெளங்கல. புள்ளிய கண்டுபுடிக்கறதுக்குள்ள சார் ரெண்டு பக்கம் போயிடறாரு.”

மூன்று புள்ளி என்று அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். ஈஸ்டருக்கு வந்திருந்தபோது சாப்பாட்டுக்கு நடுவில் அவர் கேட்டார். அப்புறம் ஒவ்வொரு போனிலும் வைக்கப்போகும் நேரத்தில் கேட்டார். “பசங்க பாடுது, எறங்கலன்றாங்கம்மா. அது இன்னான்னு பாரேன்.” ஒவ்வொரு முறையும் “பாக்கறேன்ப்பா” என்றாள். நேற்றுக் காலையில் நெஞ்சைப் பிடிக்கிறது என்று உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை.

“அங்கேயே இரு. கால் மணி நேரத்துல கூப்பிடறேன்,” என்றாள்.

லேப்டாப்பை அரிசி மூட்டையின் மேல் வைத்துத் திறந்தாள். எந்தக் கோப்பு என்று பார்ப்பதற்காக நான்காவது இணைப்பைச் சொடுக்கினாள்.

“நான்காம் அலகு. நிலவரி முறைகள். பக்கம் நூற்றுப் பன்னிரண்டு.”

சத்தம் முழுசாக வைக்கப்பட்டிருந்தது. கூடத்தில் ஜெபம் அறுந்தது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, “ரயத்துவாரி முறையில் அரசு நேரடியாக உழவரிடமே” என்று தொடங்கும்போது அவள் எப்படியோ நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தாள். அம்மா வேலம்மாள் கண்ணாடிப் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள், பெட்டிக்குள் பார்த்துவிட்டு, அறை வாசலைப் பார்த்தாள். “எத்தனாவது மணி?” என்று ஜெபமாலையைப் பிடித்தபடி யாரோ மெல்லக் கேட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. முதலிலிருந்து தொடங்கினார்கள்.

வேலை பெரிதில்லை. ஒலிக்கோப்பு என்று தெரிந்தால் பிரவுசர் அதைத் தானே பாடிவிடும். இது கேட்கக் கொடுப்பதில்லை, எடுத்துக்கொண்டு போகக் கொடுப்பது என்று சர்வரிலிருந்து ஒரு வரி சொன்னால் போதும். அலுவலகத்தில் யார் யாருக்கோ நூறு முறை எழுதிய வரிதான். எழுதினாள். ஒரு எழுத்துப் பிழை. திருத்தினாள். சேமித்தாள்.

பாக்யராஜ் சித்தப்பா எட்டிப் பார்த்தார். “மூணரைக்கு எடுத்துடணும்மா. ஃபாதர் காத்துக்கிட்டு இருப்பாரு.”

“வரேன் சித்தப்பா.”

அப்பாவின் போனில் வெப்சைட்டைத் திறந்து நான்காவது அலகைத் தொட்டாள். கீழே ஒரு அம்புக்குறி ஓடி முடிந்தது. இறங்கிவிட்டது. வேறொன்றும் இல்லை. சரியாகிவிட்டது என்று தெரிந்தும் போனைக் கையில் பிடித்தபடி நின்றாள். அதிலிருந்து அப்பாவின் குரல் வரவில்லை. கூடத்தில் ஜெபம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

ஹப்சாவைக் கூப்பிட்டாள். “இப்ப தொட்டுப் பாரு.”

அங்கே போன் குரல் ஏதோ சொல்வது கேட்டது. “எறங்கிடுச்சிக்கா,” என்றாள் ஹப்சா. “மூணு, ரெண்டு எல்லாத்தையும் எறக்கிக்கறேன்.” பிறகு, “அஞ்சாவது சார் இன்னும் போடல. பரவால்ல. நாலு இருந்தா பாஸாயிடலாம்.”

“எழுதிட்டு சொல்லு.”

“எந்த நம்பருக்குக்கா?”

ஜோஸ்பின் கையிலிருந்த அப்பாவின் போனைப் பார்த்தாள். “இதுக்கே பண்ணு.”

வெளியே வந்தபோது அப்பாவைச் சவப்பெட்டியில் மாற்றிக் கிடத்தியிருந்தார்கள். எல்லோரும் அவர் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு நகர்ந்தார்கள். ஜோஸ்பினும் போட்டாள். விரல் சில்லிட்டது.

“உள்ள இன்னாடி பண்ண?” என்றாள் அம்மா.

“அப்பா சொன்ன ஒரு வேல.”

“முடிஞ்சிதா?”

“ம்.”

அம்மா தலையாட்டிவிட்டு, அப்பாவின் சட்டைக் காலரை ஒருமுறை நீவிச் சரிசெய்தாள். சித்தப்பா மூடியை எடுத்துவரச் சொன்னார்.

கோயிலுக்கும் அங்கிருந்து கல்லறைக்கும் ஜோஸ்பின் கூட்டத்தோடு நடந்தாள். மண் போடக் குனியும்போதுதான் காலைப் பார்த்தாள். ஒன்று அவளுடைய நீலச் செருப்பு. மற்றது யாரோ ஒரு ஆம்பளையின் செருப்பு, கறுப்பு, இரண்டு சைஸ் பெரியது. இவ்வளவு தூரமும் அதை இழுத்துக்கொண்டே வந்திருக்கிறாள். பிடி மண்ணைப் போட்டுவிட்டு, அடுத்தவருக்கு வழிவிட்டு, அதே செருப்போடு ஒதுங்கி நின்றாள்.