பலூனின் உயரம்

என் அக்கா பாவாயி போனில் ஒரு ரூபாய்க்கு மேல் என்னிடம் பேசியதே இல்லை. மலைமேல் திண்ணனூர் நாட்டு ஊரிலிருந்து செம்மேட்டுக்கு வந்து, பஸ் ஸ்டாண்டு காயின் பாக்ஸில் காசைப் போட்டு, "சாமி, கெழங்கு புடுங்கட்டுமா?" என்பாள். "புடுங்குக்கா" என்பேன். வைத்துவிடுவாள். தம்பி சொன்னால் அவளுக்கு அதற்கு மேல் பேச்சில்லை.

மலையடிவாரத்தில், காரவள்ளிக்குப் பக்கத்தில், ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ பேக்டரியில் நான் கேஸ் எஞ்சின் ஓட்டுகிறேன். மரவள்ளிக் கிழங்கு அரைத்த கழிவுத் தண்ணீரை மூடிய தொட்டிக்குள் விட்டால் நாலைந்து நாளில் கேஸ் கிளம்பும். அதை ஒரு பெரிய பலூனில் பிடித்து வைப்போம். கரண்ட் போனால் அந்தக் கேஸில் எஞ்சினை ஓட்டி, ஆலையை நடத்துவோம்.

இரண்டாயிரத்து எட்டில் மின்வெட்டு எங்களைப் பாடாய்ப் படுத்தியது. தெற்கே காற்றாலைகள் சுற்றும்வரை பிழைத்தோம். காற்று ஓய்ந்தால் கரண்ட்டும் ஓய்ந்தது.

முதலாளி வெங்கிடுசாமி தினமும் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு புலம்புவார். "காத்து நின்னா சட்டுனு ஓட்டறதுக்குத்தானப்பா கேஸ்ல கரண்ட் எடுக்கற ஸ்டேஷனெல்லாம் கட்டி வெச்சிருக்கறாங்க. அங்கயே கேஸு பத்தலையாம். நம்மளுக்கு நம்ம பலூன்தான். பாத்துக்கோ இளங்கோ."

தலையை ஆட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

ஆயுத பூஜைக்கு நாலு நாள் லீவு விட்டார்கள். எஞ்சினைப் பளபளவென்று துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்றும் கட்டினேன். ஆலை திறந்த அன்று அக்காவின் போன் வந்தது. வெளியே தென்னைகள் பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தன. இந்தக் காற்றுக்குக் கரண்ட் எங்கே போய்விடும்?

"புடுங்குக்கா" என்றேன்.

மறுநாள் மேட்டுக்காடு முழுவதையும் பிடுங்கிவிட்டாள். பத்து மாதப் பாடு. பிடுங்கிய கிழங்கு இரண்டு நாள் தாங்கும், அதற்குள் அரைக்க வேண்டும். மூன்றாம் நாள் உள்ளே கறுத்துவிடும், பிறகு எந்த ஆலையும் தொடாது.

அதற்கடுத்த நாள் காலை, மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி லாரி வந்து நின்றது. அக்கா முன் சீட்டிலிருந்து இறங்கினாள். ஓர் இலைகூட அசையவில்லை. விடியும்போதே கரண்ட் போயிருந்தது.

பலூனிடம் ஓடினேன். நனைந்த போர்வை மாதிரி தரையில் கிடந்தது. நாலு நாள் ஆலை ஓடாமல் தண்ணீர் ஏது, கேஸ் ஏது? எஞ்சினுக்குப் பொட்டு வைத்த எனக்கு, பத்தடி தள்ளியிருந்த பலூனை எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"அடியில ரெண்டு மணி நேரத்துக்குத்தான் கேஸ் இருக்குங்க" என்றேன் முதலாளியிடம்.

"தொட்டியில நேத்து அரைச்ச மாவுப் பால் நிக்குது. புளிச்சா அத்தனையும் வீண். கேஸு அதுக்கு மட்டுந்தான்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. என்னால்தான் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கரண்ட் வந்ததா என்று மீட்டரிடம் போனேன், பலூனிடம் போனேன், மறுபடி மீட்டரிடம் போனேன். லாரி நிழலில் உட்கார்ந்திருந்த அக்கா, "எப்ப சாமி?" என்றாள். "இப்ப வந்துரும்க்கா." நாலு தடவை கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை. திட்டித் தொலைத்தால் என்ன என்று அவள் மீதே கோபம் வந்தது.

மதியம் ஒரு கிழங்கை ஒடித்துப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது. நாலு மணிக்கு இன்னொன்றை ஒடித்து என்னிடம் நீட்டினாள். நடுவில் மயிரிழை போல ஒரு நீலக்கோடு; கறுக்கத் தொடங்கிவிட்டது.

அதை எடுத்துக்கொண்டுபோய் முதலாளியின் மேஜையில் வைத்தேன். "நாந்தானுங்க புடுங்கச் சொன்னேன். பலூனப் பாக்காம சொல்லிப்புட்டேன்."

அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "ஒரு மணி நேரம் ஓட்டிக்கோ. அதுக்கு மேல கேக்காதே."

எஞ்சின் கிளம்பியது. அக்காவும் கூடையில் அள்ளி அள்ளிக் கொட்டினாள். கால்வாசி லாரிகூட இறங்கவில்லை, ஒரு மணி நேரம் முடிந்துவிட்டது. நானே என் கையால் வால்வை மூடினேன்.

கரண்ட் மறுநாள் மத்தியானம்தான் வந்தது. மிச்சக் கிழங்கைக் களத்து ஓரத்தில் கொட்டினார்கள்.

"நீ எதப் பாத்து சாமி புடுங்கச் சொன்ன?" என்றாள் அக்கா.

"காத்தப் பாத்துக்கா."

"காத்து உன்ற கையிலயா இருக்குது?"

பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

இருபது நாள் கழித்து ஆபீஸ் போன் அடித்தது. பள்ளக்காட்டுக் கிழங்கு இன்னும் மண்ணில் இருந்தது.

"பலூனு எவ்வளவு ஒசரம் நிக்குது?"

"நல்லாத்தான்க்கா நிக்கும். நீ புடுங்கு."

"நிக்குமா, நிக்குதா? போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. நான் லைன்லயே இருக்கறேன்."

ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டு ஓடினேன். பலூன் என் தலைக்கு மேல் விம்மி நின்றது. கையால் தட்டியும் பார்த்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்து ரிசீவரைக் காதில் வைத்தேன்.

அந்தப் பக்கம் அக்கா இரண்டாவது காசைப் போடும் சத்தம் கேட்டது.