இடப்பக்கம் நாலு தகடு

டாங்கி இரண்டாவது தடவையாகத் திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி. இசக்கிசெல்வி பையைக்கூடக் கழற்றி வைக்கவில்லை. திரையில் சிவப்புப் பட்டை நின்றது.

‘இடப்பக்கம் இரண்டு தகடு குறைகிறது. வலப்பக்கம் போலச் சரிசெய்யவும்.’

“இவனுவ சோறுதான் திங்கானுவளா?” என்றாள்.

கழக்கூட்டம் ஐ.டி. பூங்காவில் நாலாவது மாடியில் இருந்த அந்தக் கம்பெனி, வெளிநாட்டு வீடியோ கேம் ஒன்றுக்கு ராணுவ வண்டிகளைக் கம்ப்யூட்டரில் செய்து கொடுக்கும். இந்த டாங்கி ஒரு நாடு செய்து இன்னொரு நாட்டுக்கு விற்றது. வாங்கினவர்கள் அதைச் சும்மா விடவில்லை. எஞ்சினை மாற்றினார்கள். பின்னால் இருந்த புகைக்குழாயை இடப்பக்க விலாவுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு விலாவிலும் கவசத் தகடுகளைத் தொங்கவிட்டார்கள். வலப்பக்கம் ஆறு, இடப்பக்கம் குழாய்க்கு வழிவிட்டு நாலு. கேம் கம்பெனி அனுப்பிய பதினோரு போட்டோவிலும் அப்படித்தான் இருந்தது.

அவள் முதலிலேயே சொன்னாள். குழுத் தலைவர் வெங்கிடேஷ்தான் கேட்கவில்லை. “வலப்பக்கம் மட்டும் பண்ணு. அதை அப்படியே புரட்டி இந்தப் பக்கம் போட்டுடு. பாதி நேரம் மிச்சம்” என்றார். எல்லா வண்டிக்கும் அங்கே அதுதான் வழக்கம். புரட்டிப் போட்டாள். ஆறுக்கு ஆறு என்று போனது, ‘படத்தைப் பார்த்துச் செய்யவும்’ என்று திரும்பியது. படத்தைப் பார்த்துச் செய்து அனுப்பினாள். அதற்குள் அங்கே சரிபார்க்கிற ஆள் மாறிவிட்டான். புது ஆளுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டுமாம்.

ஒரே வேலை இரண்டு தடவை திரும்பினால் ஒப்பந்த ஆளை அடுத்த வருஷத்துக்கு எடுக்க மாட்டார்கள். குழுத் தலைவர் காரணம் எழுதிக் கொடுத்தால்தான் யோசிப்பார்கள். அவளுடைய ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. முடிந்தால் விழிஞ்ஞத்தில் அம்மாவோடு கட்டட வேலைக்குப் போக வேண்டியதுதான். காலேஜ் லீவுகளில் ஜல்லிச் சட்டி தூக்கியிருக்கிறாள். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கழுத்துதான் போகும்.

வெங்கிடேஷ் கரமனை அக்கிரகாரத்துக்காரர். கத்தவே மாட்டார். அதுதான் எரிச்சல்.

“ரெண்டு தகடு கேக்கறான், குடுத்துட்டுப் போயேன். நம்மாத்துத் தகடா என்ன?”

“குடுத்தா, படத்துல இல்லயேன்னு நாளைக்கு வேற ஒருத்தன் திருப்புவான் சார்.”

“அது அப்போ பாத்துக்கலாம், கேட்டியா?”

“அப்போ பாக்க நீங்க இருப்பீங்க. நான் இருக்க மாட்டேன்.”

அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

பக்கத்து மேசையில் ஷிஜா, மலையாளி. வண்டிகளுக்குப் புகையும் தீயும் தூசியும் போடுகிறவள். அவள் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

“எடி, அவன் கேட்டபோலே தகட வை. வச்சிட்டு வண்டிய ஸ்டார்ட் ஆக்கு.”

“என்னத்துக்கு?”

“புகை எதுவழியா வரும்ணு பாக்கலாம்.”

செல்வி வைத்தாள். எஞ்சினை முடுக்கினாள். குழாயிலிருந்து கிளம்பிய கறுப்புப் புகை, நேரே இரும்புத் தகட்டைத் துளைத்துக்கொண்டு குபுகுபுவென்று வெளியே வந்தது.

ஷிஜா மேசையைத் தட்டிச் சிரித்தாள். “கொள்ளாம், நல்லாருக்கு! இது கவசமா, கொசுவலையா?”

பன்னிரண்டு வினாடி. அதை வீடியோவாக எடுத்தாள் செல்வி. விளக்கம் எழுதவில்லை. விளக்கம் எழுதி எழுதித்தான் இரண்டு வாரம் போயிருந்தது. ‘புகை எந்த வழியாகப் போக வேண்டும்?’ என்று ஒரே வரி போட்டு அனுப்பினாள்.

மூன்று மணிக்குப் பதில் வந்தது. ‘முந்தைய ஃபைலே சரி. ஏற்கப்பட்டது.’ ஒரு மன்னிப்பு கிடையாது, மண்ணும் கிடையாது.

நேரே வெங்கிடேஷிடம் போனாள். காரணம் எழுதும் படிவம் அவர் திரையில் திறந்திருந்தது. இரண்டாம் தடவைக்கு ‘சரிபார்ப்பவர் மாறியதால் குழப்பம்’ என்று எழுதியிருந்தார். முதல் தடவைக்கு, ‘ஊழியரின் கவனக்குறைவு.’

“இது என்ன சார்?”

“சும்மா ஃபார்மாலிட்டி. ஒண்ணும் பண்ண மாட்டா.”

“கவனக்குறைவுன்னு எழுதுனவள எவன் சார் திரும்ப எடுப்பான்? புரட்டிப் போடச் சொன்னது யாரு?”

“எல்லா வண்டிக்கும் அப்படித்தானே பண்றோம்?”

“அதத்தான் எழுதச் சொல்லுதேன்.”

“என் பேரைப் போட்டா மேல என்னைக் கூப்ட்டுக் கேப்பா.”

“கேக்கட்டும். நீங்க பெர்மனன்ட். ரெண்டு வார்த்த கேப்பாங்க, காப்பியக் குடிச்சிட்டு வந்துருவீங்க. நான் சட்டி தூக்கப் போவணும்.”

“திங்கக்கிழமை பாக்கலாமே.”

பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “எழுதுங்க. நான் இருக்கேன்.”

அவர் பெருமூச்சு விட்டு அந்த வரியை அழித்தார். ‘குழு எடுத்த முடிவு’ என்று அடித்தார்.

“குழுன்னா நானுந்தான சார். தலைவர்னு போடுங்க.”

“உன்னோட பெரிய சல்லியம்.”

“ஆமா. போடுங்க.”

போட்டார். ‘குழுத் தலைவர் சொன்னபடி செய்தது.’ அவள் அசையவில்லை. கடைசியில் அனுப்பும் பொத்தானை அழுத்தினார். போய்விட்டது என்று திரையில் வந்ததை வாய்விட்டுப் படித்துப் பார்த்த பிறகுதான் அவள் எழுந்தாள்.