சீரோடு போன சிவப்பு ஸ்டிக்கர்

அரசாங்கம் சாலைப் பாதுகாப்புக்கென்று ஒரு திட்டம் போட்டால், அதனால் விபத்து குறைந்ததா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அலுவலகம் விருத்தாசலத்தில். இந்த முறை என் தலையில் விழுந்தது கரும்பு டிராக்டர்கள். வெட்டுக் காலத்தில் டிரெய்லர்கள் சாலையோரம் நிற்கும். இருட்டத் தொடங்கியதும் பைக்கில் வருகிறவர்கள் பின்னால் போய் மோதுவார்கள்.

நல்லூர்ப் பக்கத்து வண்டிக்காரர்களுக்கு மார்கழியில் ஆளுக்கொரு சுருள் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் கொடுத்தோம். பெண்ணாடம் சாலைக்காரர்களுக்குக் கொடுக்கவில்லை. இரண்டையும் ஒப்பிட்டால்தானே பலன் தெரியும்? யாருக்குக் கொடுப்பது என்று பீங்கான் கோப்பையில் சீட்டுப் போட்டு எடுத்தவள் நான்தான். அந்தப் பக்கம் ஒரு துண்டுகூடப் போகக் கூடாது என்று மேலதிகாரி திருமால் சார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மாசியில் கணக்கெடுத்தேன். போன வருஷம் இரண்டு பக்கமும் பத்துப் பத்து மோதல். இந்த வருஷம் நல்லூரில் இரண்டே இரண்டு. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பெண்ணாடம் சாலைக் கணக்கைப் பார்த்தால் அங்கேயும் இரண்டு! வித்தியாசமே இல்லையென்றால் ஸ்டிக்கரால் பலனில்லை என்றுதான் எழுத வேண்டும். மாவட்டம் முழுக்கக் கொடுக்கவிருந்தது அத்தோடு நின்றுபோகும்.

அன்று சாயங்காலமே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பெண்ணாடம் சாலைக்குப் போனேன். என் விளக்கு பட்டதும் டிரெய்லர்கள் ஒவ்வொன்றாகச் சிவப்பாய் மின்னின. நின்று எண்ணினேன். எழுபதில் அறுபத்தேழு. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

கடைசி வண்டியில் கயிறு இறுக்கிக்கொண்டிருந்த பூவாயி என்ற பெண்ணிடம், யார் கொடுத்தது என்று அதட்டலாகவே கேட்டேன். அவள் அசரவில்லை. நல்லூரிலிருக்கும் அண்ணன் பொங்கல் சீர் கொண்டுவந்தபோது பானை, பச்சரிசி, மஞ்சள் கொத்தோடு பாதிச் சுருளையும் வைத்துக் கொடுத்தாராம். இங்கே பாதி வீடுகளுக்கு அப்படித்தான் வந்ததாம். வராதவர்கள் பக்கத்து வீட்டில் வெட்டி வாங்கிக்கொண்டார்களாம்.

"எங்க அண்ணன் தன் வண்டிக்கு மட்டும் ஒட்டிக்கிட்டு, தங்கச்சி வூட்டு வண்டி இருட்டுல நிக்கட்டும்னு வுட்டுடுமாங்க மேடம்?" என்றாள்.

சீட்டெடுத்து அவர்களை இருட்டில் விட்டவளே நான்தானே. வெட்கமாக இருந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. ஒப்பீடு செய்வதெப்படி என்று இரண்டு வருஷம் படித்தவளுக்கு, இந்த இரண்டு பக்கமும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறவர்கள் என்பது தோன்றவில்லை பாருங்கள். பிறகுதான் உருப்படியாக ஒன்று கேட்டேன். இங்கே அடிபட்ட அந்த இரண்டு வண்டிகள் எவை? இரண்டுமே ஸ்டிக்கர் ஒட்டாத அந்த மூன்றில் இருந்தன. பூவாயியின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவள் பயந்தே போனாள்.

மறுநாள் உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஒப்பீடு கெட்டது, சீரோடு ஸ்டிக்கர் போய்விட்டது, ஒட்டாத வண்டிகள்தான் அங்கே அடிபட்டன, அதனால் எல்லோருக்கும் அடுத்த பொங்கலுக்கு முன்பே கொடுக்கலாம். ஒப்பீடு கெட்ட அறிக்கையைத் திருமால் சார் தூக்கி எறிந்தால் எல்லாம் போச்சு. அதை அவர் மேசைமேல் வைத்துவிட்டு நின்றேன்.

அவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். நான் வாங்கப் போனபோது, தாளை விடாமல் குரலைத் தாழ்த்தினார்.

"என் தங்கச்சிய பெண்ணாடத்துலதான் குடுத்திருக்குது, கார்முகில். அந்த அறுபத்தேழுல ஒண்ணு நான் கொண்டுபோன சீரு."