காரணம் என்ற கட்டம்

1.
2025 ஏப்ரல் 14, திங்கட்கிழமை, காலை 8.40. பர் துபாயில் வெப்பம் 33 பாகை. வானத்தையே மறைத்த புழுதிக் காற்று. நண்பர் ஒருவர் காட்டிய விடுமுறைப் படிவத்திலிருந்து பிறந்தது இந்தக் கதை. ஆளையும் கிளப்பையும் நானே உண்டாக்கினேன்.

முதல் தொடக்கம்: "முகம்மது ஆசிக்கின் தாயார் கீழக்கரையில் படுத்த படுக்கையாக..." [நீக்கப்பட்டது. அவர் நலமாக இருக்கிறார். மகனுக்கு விடுமுறை கிடைப்பதற்காகத் தாயைப் படுக்கவைக்க எனக்கு உரிமையில்லை.]

2.
நடந்தது இது. மின்சாதனக் கடையின் கிடங்குப் பொறுப்பாளர் ஆசிக், படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் உண்மையை எழுதிவிட்டார்: "கிரேமூர் டவுன் கிளப்பின் மைதானத்தில் நடக்கும் கடைசி ஆட்டத்தைப் பார்க்க."

கயிற்றாலைத் தொழிலாளர்கள் 1887இல் தொடங்கிய இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப். வென்ற கோப்பை ஒன்று, அதுவும் 1931இல். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், அஜ்மானில் ஆறு பேர் தங்கிய அறையின் தொலைக்காட்சியில் ஆசிக் அவர்களைக் கண்டார். நான்கு கோல் வாங்கிய பின்னும் போராடி [பத்திரிகைச் சொல், வேண்டாம்] ஓடிக்கொண்டே இருந்தார்கள். அன்று பிடித்தது. கடந்த மூன்று பருவங்களில் இரண்டு முறை கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிட்டார்கள். புதிய உரிமையாளர் மைதானத்தை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார். மே 3 கடைசி ஆட்டம். விசா வந்துவிட்டது. இல்லாதது ஒரு கையெழுத்து.

"கல்யாணம்னு எழுத வேண்டியதுதானே காக்கா! நான் மூணு வருசமா தம்பிக்குக் கல்யாணம் பண்ணிட்டிருக்கேன்," என்றான் உடன் வேலைபார்க்கும் யஹ்யா. அண்ணனைக் 'காக்கா' என்பது கீழக்கரை வழக்கம்.

"ஒனக்குத் தம்பியே இல்லையே."

"ஃபார்முக்கு இருக்கான்ல!"

3.
மேலாளர் சிவகுருநாதன் யாழ்ப்பாணத்துக்காரர்.*

"என்ன காணும் இது? ஊருக்குப் போகாமல் பந்து பாக்கவோ லீவு?"

"ஆமா சார். ரெண்டு வருசமா லீவே எடுக்கல."

"வெல்லுற கிளப் எண்டாலும் பரவாயில்லை."

"ஜெயிக்கிறவங்களப் பாக்க ஆளு நெறைய இருக்கு சார்."

"காரணத்தை மாத்தும். இப்பவே கையெழுத்து வைக்கிறன்."

"பொய் எழுத மாட்டேன் சார்."

உழைத்துச் சேர்த்த நாள்களை ஒருவர் எதற்குச் செலவிடுகிறார் என்று கேட்பதே பிழை. கேட்டபின் உண்மையைத் தள்ளிப் பொய்க்கு ஒப்பமிடுவது பெரும்பிழை. சாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டுமே வளைகுடாத் தமிழன் விமானம் ஏறலாம் என்று விதித்தவர் யார்? இந்தக் கதையின் முதல் வரைவைப் படித்த பதிப்பாசிரியரும் அதையே விதித்தார்: "காரணத்தில் கனம் போதவில்லை. தாயாரைத் திரும்பக் கொண்டுவரலாமே." கொண்டுவர மாட்டேன்.

* இவரை முழுக் கொடியவராக்க முயன்று தோற்றேன். யஹ்யாவுக்குக் காய்ச்சல் கண்டபோது தம் காரில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவர் இவர்தான்.

4.
முடிவு அ: மேலாளர் மனமிளகி... [இளகவில்லை.]

முடிவு ஆ: ஆசிக் வேலையை உதறிவிட்டு... [அவரை அறிந்தவர் எவரும் நம்பார்.]

ஏப்ரல் 24, வியாழன் மாலை, சிவகுருநாதன் படிவத்தை ஆசிக்கிடம் நீட்டினார். அனுமதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தன. 'காரணம்' கட்டத்தில் ஆசிக் எழுதியதை ஒரே கோட்டால் அடித்து, மேலே மேலாளர் தம் கையால் எழுதியிருந்தார்: "தங்கையின் திருமணம்."

ஆசிக் உடன்பிறப்பில்லாதவர்.

"அடிச்ச இடத்துக்குப் பக்கத்தில நீரும் ஒரு சின்னக் கையெழுத்து வையும். உமக்காகத்தான் செய்தனான்," என்றார். குரலில் மெய்யான பரிவு இருந்தது. அதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

படிவமும் பேனாவும் ஆசிக்கின் கையில் இருக்கின்றன. அந்தக் கையை நான் அசைக்கப்போவதில்லை. ஒப்பமிடுவதா என்பதை நீங்கள் சொல்லுங்கள். சொல்வதற்கு முன், கடைசியாக நீங்கள் நிரப்பிய விடுமுறைப் படிவத்தில் என்ன காரணம் எழுதினீர்கள் என்று ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.