கண்ணில் மண் பட்டியோடு கேட்ட கதை

1

இந்தக் கதையை நான் பார்க்கவில்லை, கேட்டேன். தீராத தலைவலிக்காக ஓர் இயற்கை மருத்துவ நிலையத்தில் போய்த் தங்கியிருந்தேன். அங்கே காலையில் வெறும் வயிற்றோடு படுக்க வைத்து, குளிர்ந்த ஈர மண்ணைத் துணியில் பொதிந்து வயிற்றிலும் கண்ணிலும் பட்டியாக வைத்துவிடுவார்கள். எடுக்கும்வரை அசையக் கூடாது. அப்படிக் கிடந்தபோதுதான் திரைக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஒருவர் அந்த நிலையத்தை நடத்தும் மருத்துவர். மற்றவர் அவருடைய அக்கா.

காதில் விழாத மிச்சத்தைப் பிறகு மருத்துவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். 'எழுதுங்க, ஆனா அழகுபடுத்தாதீங்க' என்றார். அதுதான் கஷ்டம்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "மனித உடல் ஐம்பூதங்களால் ஆனது. ஆகவே அதன் நோய்க்கும் அந்த ஐந்துமே—" (விட்டுவிட்டேன். துண்டுப் பிரசுரம் வாசிப்பதுபோல் இருந்தது.)

அடுத்து: "மருத்துவர் பதறி ஓடிவந்து—" (பொய். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.)

குடும்பத்திலிருந்து தொடங்குகிறேன். மூன்று பிள்ளைகள். மூத்தவர் அண்ணன், மருந்துக்கடை வைத்திருக்கிறார். அடுத்தவர் அக்கா, பள்ளியில் கணக்கு டீச்சர். கடைக்குட்டிதான் நம் மருத்துவர். மண்ணையும் தண்ணீரையும் வெயிலையும் பட்டினியையும் மருந்தாகச் சொல்லித்தரும் படிப்பில் இவர் சேர்ந்த அன்றே, அண்ணன் 'மண்ணு டாக்டர்' என்று பட்டம் சூட்டிவிட்டார். சொந்தக்காரர்கள் வாயிலெல்லாம் அது ஒட்டிக்கொண்டது. அக்கா ஒருத்திதான் எந்த வீட்டு விசேஷத்திலும் தங்கையை விட்டுக்கொடுக்கவில்லை.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய். வயதான பிறகு வருகிற வகை இல்லை. உடம்பு இன்சுலினே சுரக்காத வகை. ஊசிதான் உயிர். இந்த விடுமுறைக்குத் தங்கையிடம் வந்து தங்கியிருந்தார்.

3

(இங்கே கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

தினமும் காலைக் கூட்டத்தில் மருத்துவர் பேசுவார். நோயின் அடையாளத்தை அமுக்காதே, காரணத்தைத் தேடு. சாப்பாடும் தூக்கமும் வெயிலும் ஓய்வும் சரியாக இருந்தால், உடம்பு பாதி வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலே, தீங்கு செய்யாதே. கேட்கக் கேட்க எனக்கு மனசு லேசாகும். சிகிச்சையின் ஆரம்பத்தில் சிலருக்கு உடம்பு படுத்தும், அது கழிவு வெளியேறுவது, பயப்படாதீர்கள் என்பார்.

என் தலைவலியும் குறைந்தது. மண்ணாலா, கைப்பேசியை வாங்கிப் பூட்டி வைத்ததாலா என்று கேட்டேன். 'ரெண்டுமே சிகிச்சைதான்' என்றார்.

அக்காவுக்கும் நல்லதுதான் நடந்தது. நேரத்துக்குச் சாப்பாடு, நடை, நல்ல தூக்கம். சர்க்கரை அளவு இறங்கியது.

4

இப்போது திரைக்குப் பின்னால்.

"என்னக்கா, இப்படி மூச்சு வாங்குது?"

"ஒண்ணுமில்லடி. வாந்தி வந்துச்சு. கழிவு வெளியேறுது போல."

"தாகமா இருக்கா?"

"குடம் குடமா குடிக்கிறேன். தண்ணி நல்லதுன்னு நீதானே சொன்ன."

நாற்காலியை இழுக்கும் சத்தம். மருத்துவர் குனிந்திருக்க வேண்டும். அக்காவின் மூச்சில் அழுகத் தொடங்கிய பழத்தின் வாடை வந்ததாகவும், இன்சுலின் இல்லாமல் ரத்தம் அமிலமாவதன் அடையாளம் அது என்றும் பிறகு சொன்னார்.

"ஊசி போட்டியா?"

அக்கா புரண்டு படுக்கும் சத்தம்.

"உன்னைத்தான் கேக்கிறேன்."

"நிறுத்திட்டேன். முந்தாநாளே."

"யாரு சொல்லி?"

"யாரும் சொல்லல. அளவுதான் இறங்கிக்கிட்டே வந்துச்சே. ஊசியே இல்லாம அண்ணன் கடையில போய் நிக்கணும்னு ஆசை. 'மண்ணு டாக்டர்னு சொன்னியே, இப்பப் பாரு'ன்னு."

(இந்த இடத்தில் மருத்துவரை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். அவர் அழவில்லை.)

"உன் டாக்டரைக் கேக்காம ஊசியைத் தொடாதேன்னு சொன்னேன்ல?"

"சொன்ன, ஒரு தடவை. உடம்பு தானே பாத்துக்கும்னு தினமும் சொன்ன."

 மருத்துவர் போனில் ஆம்புலன்சைக் கூப்பிட்டார். என்ன நோய், எப்போது நிறுத்தியது, மூச்சு எப்படி இருக்கிறது, எல்லாவற்றையும் தடுமாறாமல் சொன்னார்.

"வேணாம்டி. உன் பேரு கெட்டுடும்."

"கெடட்டும். எழுந்திரு."

கண்ணிலிருந்த மண்ணைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நான் எழுந்தபோது பக்கத்துக் கட்டில் காலி.

5

அக்கா பிழைத்துவிட்டார். உயிரை வைத்து வாசகரை மிரட்டுவது எனக்குப் பிடிக்காது. ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய் வழியாக நீரும் இன்சுலினும் ஏற்றினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் அங்கிருந்த டாக்டர்.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் பிரதியில் அவரை வில்லனாக்கியிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, சிறு வயதில் அக்காவின் ஊசி மருந்துக்காகக் கடை கடையாக அலைந்தவர் அவர். அந்த அலைச்சல்தான் அவரை மருந்துக்கடை வைக்க வைத்தது. ஊசி என்றால் அவருக்கு அந்தத் தங்கையின் உயிர். அதனால் அவர் கேட்கப்போகும் கேள்வியில் இருப்பது கோபம் மட்டும் இல்லை.

சேதி கேட்டு அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் அக்கா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். "நானா நிறுத்தினேன்னு அவன்கிட்ட சொல்லாதேடி. காலம் பூரா சொல்லிக் காட்டுவான். மறந்துட்டேன்னு சொல்லிடு."

வராந்தாவில் அண்ணன் மருத்துவரிடம் கேட்டார்: "யாரு நிறுத்தச் சொன்னா? நீயா?"

6

"மறந்துட்டாளாம்" என்று மருத்துவர் சொல்லியிருக்கலாம். அக்காவின் மானம் தப்பும், தன் தொழிலும் தப்பும். ஆனால் அது பொய்.

"அவளேதான் நிறுத்தினா." உண்மை. ஆனால் கட்டிலில் கிடக்கிறவளைக் காட்டிக்கொடுக்கும் உண்மை.

"ஆமா, நான்தான்." பொய்தான். ஆனால் முழுப் பொய் என்று சொல்ல எனக்கு

(முடிக்கத் தெரியவில்லை.)

மருத்துவரிடம் கேட்டேன். "அது எங்க மூணு பேருக்குள்ள இருக்கட்டும்" என்றார்.

எனக்குத் தெரிந்தது மறுநாள் காலை மட்டும்தான். கூட்டத்துக்கு வந்தார். தூங்காத முகம். வழக்கமான பேச்சை எடுக்கவே இல்லை.

"இங்க வந்தப்புறம் மாத்திரையோ ஊசியோ நீங்களா நிறுத்தினவங்க இருக்கீங்களா? திட்ட மாட்டேன். கையை மட்டும் தூக்குங்க."

 சன்னலோரம் ஒரு கை எழுந்தது. பின்வரிசையில் இன்னொன்று. முன்னால் இருந்த பெரியவர் பக்கத்து ஆளைப் பார்த்துவிட்டு, பாதிவரை தூக்கினார்.

மருத்துவர் நாற்காலியை எடுத்துக்கொண்டு பெரியவர் அருகில் போய் உட்கார்ந்தார். "எந்த மாத்திரைங்க?" என்றார்.

கதை எனக்கு இங்கே தீர்ந்துவிட்டது. வராந்தாவில் அண்ணன் பதிலுக்காக இன்னும் நிற்கிறார். கூட்டத்தில் இப்படிக் கேட்ட பெண் அண்ணனுக்கு என்ன பதில் சொல்லியிருப்பாள் என்பதை நீங்கள் சொல்லுங்கள்.