அச்சு விழாத மனிதர்

ஹாஸ்கர் ஊரில் வெர்லின் ஸ்டக்கியின் துப்பாக்கியை யாரும் பார்த்ததில்லை. அவருடைய பெருமையே அதுதான்.

மேற்கு டெக்சாஸின் அந்தப் பகுதியில் இடுப்பில் கைத்துப்பாக்கி இல்லாமல் காபி குடிக்கப் போகிற ஆண்பிள்ளை குறைவு. வைத்திருப்பது பெரிதல்ல, தெரியாமல் வைத்திருக்க வேண்டும். சட்டைக்கு மேல் அதன் வடிவம் புடைத்துத் தெரிந்தால் 'அச்சு விழுந்துருச்சு' என்று சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்திலிருந்தே வெர்லினின் கூட்டாளியான கோய் டன்னமுக்குக் குனிந்தால் அச்சு விழும். பாஸ்டர் கார்லண்டுக்கு இரண்டு கையையும் உயர்த்தி ஜெபித்தால் விழும். வெர்லினுக்கு மட்டும் பதினான்கு வருடத்தில் ஒரு தடவைகூட விழவில்லை. குனிந்து பார்த்தார்கள், நிமிர்ந்து பார்த்தார்கள், தேவாலயத்து விருந்தில் முதுகைத் தட்டுவதுபோல் தடவியும் பார்த்தார்கள். ம்ஹூம்.

காரணம் எளிது. அவரிடம் துப்பாக்கியே கிடையாது.

சின்ன வயதில் புறா வேட்டைக்குப் போய், முதல் வெடிச் சத்தத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு மாட்டுச் சாணத்தில் உட்கார்ந்தவர் அவர். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. தரைவிரிப்புக் கடை வைத்தார், நடீனைக் கல்யாணம் செய்துகொண்டார், நிம்மதியாக இருந்தார். ஒருநாள் விரிப்புச் சுருளைத் தூக்கும்போது கால் பிசகிவிட்டது. கணுக்காலில் எலாஸ்டிக் பட்டை கட்டிக்கொண்டு காபிக் கடைக்குப் போனார். மேசைக்கடியில் விழுந்த கரண்டியை எடுக்கக் குனிந்த கோய், அந்தப் புடைப்பைப் பார்த்துவிட்டான்.

"யோவ்! கால்ல வேற ஒண்ணா? பேக்கப்பா?"

'இல்லைப்பா, சுளுக்கு' என்று சொல்லியிருக்கலாம். வெர்லின் சொல்லவில்லை. லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

பேக்கப் என்றால் இரண்டாவது. காலில் இரண்டாவது இருந்தால் முதலாவது எங்கே? தெரியவில்லையே! ஆகா, என்ன மறைப்பு! அன்றிலிருந்து ஊரே அவரிடம் யோசனை கேட்டது. அவரும் சொன்னார். "ஒண்ணு வச்சிருக்கிறவன் அதிர்ஷ்டத்தை நம்புறான். ரெண்டு வச்சிருக்கிறவன் தன்னை நம்புறான்." இதைக் கேட்ட பிறகு ஹாஸ்கரில் பேக்கப் இல்லை என்று ஒப்புக்கொள்ள யாருக்கும் வாய் வரவில்லை. எல்லோரும் "நமக்கும் ஒண்ணு இருக்கு" என்றார்கள். சுளுக்கு ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. பட்டை மட்டும் ஆறவில்லை.

"எலாஸ்டிக் நைஞ்சு போச்சு," என்பாள் நடீன், துவைத்து மடிக்கும்போது. "புதுசு வாங்கித் தொலைங்க. உங்க மானம் அவுந்து செருப்புல விழப்போவுது."

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குக் காவலாகச் சபையில் பாதுகாப்புக் குழு அமைத்தார்கள். பாஸ்டர், கோய் உட்பட ஆறு பேர். தலைவர் யார் என்று கேட்கவே இல்லை, எல்லாக் கையும் வெர்லினை நோக்கி உயர்ந்தது. அவர் நன்றி சொன்னார், கொஞ்சம் கண்கூடக் கலங்கினார். அதற்குப் பிறகுதான் பாஸ்டர் அந்த அறிவிப்பைச் செய்தார். வருகிற சனிக்கிழமை மதியம் கோயின் மேய்ச்சல் நிலத்தில் எல்லோரும் கூட வேண்டும். பெரிய துப்பாக்கிகளை எல்லாரிடமும் பார்த்தாயிற்று, வெர்லினுடையது மறைவாகவே இருக்கட்டும். ஆகவே பேக்கப்பை மட்டும் எடுத்துக் காட்ட வேண்டும். ஆளுக்கு ஐந்து குண்டு சுட வேண்டும். தலைவர் பரிசோதிப்பார்.

வெள்ளிக்கிழமை காலை வெர்லின் தன்னை அறிந்தவர் யாருமில்லாத ஊராகப் பார்த்து, தொண்ணூறு மைல் ஓட்டிக்கொண்டு போனார். மீன் தூண்டிலும் துப்பாக்கியும் சேர்த்து விற்கிற கடை அது. கல்லாவில், சட்டையில் மார்லா என்று பெயர் குத்தியிருந்த, அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள்.

"என்ன வேணும் செல்லம்?" அந்த அம்மாளுக்கு எல்லோரும் செல்லம்தான்.

"சின்னதா ஒண்ணு. பேக்கப்."

"எந்த ஊரு?"

"ஹாஸ்கர்," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"ஓ, ஹாஸ்கரா!" மார்லா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். வேறு எதையும் தேடாமல் நேராக ஒரு பெட்டியை எடுத்து வைத்தாள். "என்னவோ இந்த வாரம் இது நல்லா ஓடுது."

உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுப்பு வஸ்து. சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். வெர்லினுக்கு ஆறுதலாக இருந்தது. இவ்வளவு சின்னது என்றால் சத்தமும் சின்னதாகத்தான் இருக்கும்.

மார்லா அந்த ஆறுதலில் மண்ணைப் போட்டாள். "இதோ பாருங்க செல்லம், சின்னதா இருக்கேன்னு ஏமாந்துராதீங்க. பெருசுன்னா அதோட எடை உதையை வாங்கிக்கும். இதுல உதை மொத்தமும் உங்க கைக்குத்தான். வச்சிக்கிறதுக்கு சுகம், சுடுறதுக்கு நரகம். எங்க வைப்பீங்க?"

"கணுக்கால்ல."

"கார் ஓட்டுறவருக்கு சரி. நிக்கிறவரு எடுக்கணும்னா ஒத்தக்கால்ல கொக்கு மாதிரி ஆடணும். அதுக்குள்ள திருடன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பி வந்துருவான். பாக்கெட்டுல போடுங்க. ஆனா உறைக்குள்ள போட்டு வைக்கணும். அந்தப் பாக்கெட்டுல வேற எதுவும் இருக்கக் கூடாது. சாவி, சில்லறை, மிட்டாய், ஒண்ணும் கூடாது. விசையில போய் மாட்டிக்கும்."

வெர்லின் வலது பாக்கெட்டிலிருந்த புதினா மிட்டாய்களைச் சத்தமில்லாமல் இடது பக்கம் மாற்றினார்.

"உங்க பெரிய துப்பாக்கி என்ன? ரெண்டுக்கும் ஒரே தோட்டாவா இருந்தா நல்லது."

"பெருசு... வழக்கமா எல்லாரும் வச்சிருக்கிறதுதான்."

"வழக்கமானதுன்னா?"

வெர்லின் யோசித்தார். "கறுப்பு."

"கறுப்பு," என்று மார்லா மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். "சரி. மேல இருக்கிற இந்த ஸ்லைடைப் பின்னால இழுங்க பாப்போம்."

இழுத்தார். விரல் வழுக்கியது. மறுபடி இழுத்தார். பாதி தூரம் வந்து, கட்டை விரல் சதையைக் கவ்விக்கொண்டது. அவர் முகத்தில் ஒரு மாறுதலும் காட்டாமல், கவ்விய துப்பாக்கியைக் கையோடு தொங்கவிட்டுக்கொண்டு, சுவரிலிருந்த மான் தலையை ரசித்தார். மார்லாவே எடுத்துவிட்டாள்.

"பழசா, கொஞ்சம் தேய்ஞ்சதா ஏதாவது இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு இருந்தது. திங்கக்கிழமையே போயிருச்சு. புதுசும் இதோட ரெண்டுதான் மிச்சம். வேணும்னா சொல்லுங்க, படிவம் தாரேன்."

அவர் படிவத்தைக் கையில் வாங்கிய நேரம் கடைக் கதவின் மணி அடித்தது. உள்ளே வந்தது கோய் டன்னம்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தொண்ணூறு மைல். நடுவில் மாடும் புழுதியும் எண்ணெய்க் கிணறும் தவிர ஒன்றுமில்லை. இத்தனையையும் தாண்டி வந்து, இந்தக் கடையில், இந்த மனிதன்.

"வெர்லின்! நீ எங்கய்யா இங்க?"

"சும்மா... ஒரு சிநேகிதனுக்கு இதை வாங்கித் தரலாம்னு. அவனால வர முடியல."

சொல்லி முடிக்கவில்லை. மார்லாவின் கை நீண்டு, துப்பாக்கியும் படிவமும் கல்லாவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. செல்லமும் போய்விட்டது.

"சார், என்ன சொன்னீங்க?"

"இல்லம்மா, நான்..."

"படிவத்துல முதல் கேள்வியே அதுதான். வாங்குறது உங்களுக்கா, அடுத்தவனுக்கா? அடுத்தவனுக்காக உங்க பேருல வாங்குனா உங்களுக்கும் ஜெயில், வித்த எனக்கும் ஜெயில். இந்த வயசுல எனக்கு அந்தச் சாப்பாடு ஒத்துக்காது. வாயைத் தொறந்து சொல்லுங்க. யாருக்கு?"

வெர்லின் வாழ்நாளில் எத்தனையோ விரிப்புகளை விற்றிருக்கிறார். கறையைப் பூ வேலைப்பாடு என்று சொல்லி விற்றிருக்கிறார். இந்த இரண்டு பேர் பார்வைக்கு நடுவே எந்தக் கறையைப் பூ என்று விற்பது? சிநேகிதனுக்கு என்றால் துப்பாக்கி கிடைக்காது, நாளைக்கு வெறுங்கால். தனக்கு என்றால் இப்போதே வெறுங்கால்.

"எனக்குத்தான்," என்றார். தன் சட்டைப் பொத்தானுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"கேக்கல சார்."

"எனக்குத்தாங்க!"

கடை முழுவதும் எதிரொலித்தது. மான் தலைகூட அவரைப் பார்த்தமாதிரி இருந்தது.

கோய் மெல்லக் கேட்டான். "அப்போ... உன் கால்ல இருக்கிறது?"

பதினான்கு வருடமாகக் கைகொடுத்த அந்தச் சிரிப்பைச் சிரிக்கப் பார்த்தார். உதடு ஒரு பக்கம் போயிற்று, மறு பக்கம் வர மறுத்தது. கோய் தூண்டில் முள் அடுக்கியிருந்த பக்கம் போய், தன் வாழ்க்கையில் மீனையே பார்க்காதவன்போல் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தான்.

துப்பாக்கியை வாங்கிக்கொண்டு திரும்பி வரும் தொண்ணூறு மைலும் வெர்லின் வானொலியைப் போடவில்லை. கோய் சும்மா இருக்கிற ஆளா? சாயங்காலத்துக்குள் காபிக் கடைக்குத் தெரியும், ராத்திரி ஜெபக் கூட்டத்தில் அவருக்காக விசேஷ வேண்டுதல்கூட நடக்கும். முந்திக்கொண்டு தானே ஒப்புக்கொள்வது ஒன்றுதான் வழி. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் எதற்கும் இருக்கட்டும் என்று உப்புத்தாளை எடுத்துத் துப்பாக்கியின் ஓரங்களைத் தேய்த்தார்.

"அதுக்குத் தலையும் சீவிவிடுங்க," என்றாள் நடீன். "நாளைக்கு உண்மையைச் சொல்லிட்டு வாங்க. எனக்கும் துவைக்கிற துணியில ஒண்ணு குறையும்."

சனிக்கிழமை மதியம் ஆறு பேரும் முள்வேலி ஓரம் வரிசையாக நின்றார்கள். எதிரே மரச்சட்டத்தில் அட்டை மனிதன். கோய் வெர்லின் முகத்தைப் பார்க்கவில்லை. ஏனோ மற்ற நால்வரும்கூட யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

"சகோதரர்களே," என்று வெர்லின் தொடங்கினார். "காட்டுறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்."

"முதல்ல காட்டிருவோம் பிரதர்," என்று பாஸ்டர் அவசரமாகச் சொன்னார். "அப்புறம் ஆற அமரச் சொல்லுங்க."

ஆறு கைகள் ஆறு பாக்கெட்டுக்குள் போய் வந்தன. ஆறு உள்ளங்கைகளில் ஆறு துப்பாக்கிகள்.

ஒரே துப்பாக்கி. அதே சீட்டுக்கட்டு அளவு, அதே கறுப்பு. ஐந்தின் ஓரங்கள் தேய்ந்திருந்தன, எல்லாம் ஒரே திசையில், உப்புத்தாள் தேய்க்கிற திசையில். பாஸ்டருடையது மட்டும் நிஜமாகவே பழசு. திங்கட்கிழமை போனது அது. கோயுடையதில் புத்தெண்ணெய் வாசம் நான்கு ஆள் தள்ளி அடித்தது.

"பத்து வருஷமா வச்சிருக்கேன்," என்று கோய் அட்டை மனிதனிடம் சொன்னான்.

பத்துக் கண்கள் வெர்லினைப் பார்த்தன. தலைவர் வாயிலிருந்து வரப்போகும் ஒரு சொல் அவரை மட்டுமா கவிழ்க்கும்? கையில் பைபிளோடு நிற்கிற ஒருவரையும் சேர்த்து எல்லோரையும் கவிழ்க்கும். காறித் துப்பினால் ஏற்றுக்கொள்ளத் தயாராக வந்தவர் அவர். இந்தக் கெஞ்சலுக்கு அவரிடம் தயாரிப்பில்லை. தனியாகப் பொய் சொன்னபோது கதவு அவர் கையில் இருந்தது. இப்போது ஐந்து பேர் வெளியிலிருந்து முட்டுக்கொடுத்து நிற்கிறார்கள்.

வரிசையாக நடந்து ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பார்த்தார். "நல்லாப் பழகின துப்பாக்கி," என்றார். "இதுவும் நல்லாப் பழகினதுதான்."

ஆறு பேரும் மூச்சு விட்டார்கள்.

முப்பது குண்டு சுட்டார்கள். வெர்லின் கண்ணை மூடிக்கொண்டு சுட்டார், கண்ணைத் திறந்து வைத்திருந்தவர்களைவிட மோசமாகச் சுட்டார் என்று சொல்ல முடியாது. மார்லா சொன்னது மெய், கை வீங்கிவிட்டது. அட்டை மனிதன் மேல் ஒரு கீறல் இல்லை. கர்த்தர் அவனைக் காத்தார்.

"ஏதோ சொல்லணும்னீங்களே பிரதர்?" என்று பாஸ்டர் கடைசியில் கேட்டார்.

"மறந்துட்டேன்," என்றார் வெர்லின்.

மறுநாள் ஆராதனைக்கு அவர் முதல் தடவையாகத் துப்பாக்கியோடு போனார். கால்சட்டை ஒரு பக்கம் இழுத்தது. இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்த எண்பத்தொரு வயது ஐடபெல், பாட்டு நின்ற அமைதியில், காது கேட்காதவர்களுக்கே உரிய குரலில் கேட்டாள்.

"வெர்லின்! பாக்கெட்டுல என்னப்பா அது? உனக்கா அச்சு விழுது?"

சபை திரும்பியது. அவர், இதோ முடிந்தது என்று நினைத்தார், அந்த நினைப்பில் ஒரு துளி ஆசையும் இருந்தது.

கோய் எழுந்துவிட்டான். "அது வேணும்னேதான் சிஸ்டர்! எதிரி அதையே பாத்துக்கிட்டு இருக்கணும்னு காட்டுறாரு. பெருசு எங்க இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்?"

எல்லோரும் பார்த்தார்கள். இடுப்பைப் பார்த்தார்கள், முதுகைப் பார்த்தார்கள், கோட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள். ம்ஹூம். மெச்சுகிற முணுமுணுப்பு பின்வரிசை வரை போயிற்று.

"கர்த்தருக்கே தெரியாது போங்க," என்றாள் ஐடபெல்.

பக்கத்தில் நடீன் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. வெர்லின் லேசாகச் சிரித்தார். இந்த முறை உதடு இரண்டு பக்கமும் ஒழுங்காகப் போயிற்று, திரும்பி வரத்தான் மறுத்தது. ஆராதனை முடியும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார், மிட்டாய்கூட எடுக்காமல். எந்தப் பாக்கெட்டில் எது இருக்கிறது என்று அவருக்கே குழப்பமாகிவிட்டது.