வெடிப்பு விழாத பிளாக்

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கார் என்றால் மெழுகு தேய்ப்பதும், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்வதும்தான். நகக்கண்ணில் கிரீஸ் இருக்கிறவனைத் தேடினால் இந்தத் திடல் முழுக்க நாலு பேர் தேற மாட்டார்கள். இப்படி முணுமுணுத்துக்கொண்டே ஹெர்ஷல் ஸ்டிடம் ஒஹாயோவின் அந்தக் கார் கண்காட்சியில் வரிசை வரிசையாக நடந்தார். எழுபத்தாறு வயது. இடது கால் சற்று இழுக்கும். சட்டைப்பையில் மடித்த தாள் ஒன்று. கையில், பல் டாக்டர் வைத்திருப்பதுபோல நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடி.

மூன்றாவது வரிசையில் நின்றது அவருடைய கார். எழுபதாம் வருஷத்துப் பச்சைச் செவெல். புதுசாக வாங்கியவர் அவர்தான். இப்போது அது பட்டறைக்காரன் டுவெய்ன் பிராக்மனுடையது. பானெட்டைத் திறந்து வைத்து அட்டை மாட்டியிருந்தான்: 'பிறந்தபோது இருந்த அதே என்ஜின்.' பக்கத்தில் முதல் பரிசு நீல ரிப்பன்.

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன் ஹெர்ஷல் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இவனை நம்பித்தான் என்ஜினைப் பிரிக்க விட்டிருந்தார். கட்டிலருகே வந்து உச்சுக்கொட்டினான். என்ஜினின் இரும்பு உடலான பிளாக்கில் வெடிப்பு, காயலான்கடைக்குப் போட்டாயிற்று என்றான். எழுதியும் கொடுத்தான். என்ஜின் போன காரை எவன் வாங்குவான்? இவனே வாங்கிக்கொண்டான், அடிமாட்டு விலைக்கு.

"அடேடே, பெருசு! இன்னும் உசுரோட இருக்கியா?" என்றான் டுவெய்ன்.

"உன்னைப் பாக்காம எப்படிடா போவேன்?"

சொல்லிக்கொண்டே குனிந்து, என்ஜினின் இடது மேல்மூடிக்குப் பின்னால், பிளாக்கின் மறைவான ஓரத்தில் கண்ணாடியை நீட்டினார். இருந்தன. மூன்று புள்ளி. முதல் தடவை என்ஜினைப் பிரித்தபோது அவரே குத்தூசி போன்ற பஞ்ச் வைத்து அடையாளத்துக்கு அடித்தது. வேறு எவனுக்கும் தெரியாது.

கண்ணாடியைப் பைக்குள் போட்டுவிட்டு, பரிசு கொடுத்த மார்லாவைக் கூப்பிட்டார். "இது ஒரிஜினல் என்ஜின்தானா, அம்மா?"

"காரோட நம்பரும் என்ஜின் நம்பரும் பொருந்துதே. நம்பருக்கு அடியில கம்பெனியில இழைச்ச கோடுகூட அழியலை."

"அப்ப இதைக் கொஞ்சம் சத்தமாப் படிங்க."

அவள் தாளை வாங்கிப் படித்தாள். "'பிளாக் வெடித்துவிட்டது. காயலான்கடைக்குப் போட்டாயிற்று. டுவெய்ன் பிராக்மன்.'"

காரை விலைபேச வந்திருந்த டென்னசிக்காரர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார். விசிறல் நின்றது.

"காயலான்கடைக்குப் போனது எப்படிடா திரும்பி வந்துச்சு?" என்றார் ஹெர்ஷல். "ஒண்ணு, அன்னிக்கு எழுதினது பொய். நீ திருடன். இல்ல, இன்னிக்கு மாட்டியிருக்கிற அட்டை பொய். எதுன்னு நீயே சொல்லு."

டுவெய்ன் சுற்றிலும் பார்த்தான். அவன் பட்டறைக்கு என்ஜினை நம்பி விடுகிறவர்கள் பாதிப் பேர் அங்கேதான் நின்றார்கள். இளித்தான்.

"வேற பிளாக்குதான். கோடு இழைச்சு, நம்பரை நான்தான் அடிச்சேன். ஊர்ல எவன்தான் அடிக்கல?"

மார்லா ரிப்பனைப் பிய்த்தெடுத்தாள். டென்னசிக்காரர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பைக்குள் ஹெர்ஷலின் விரல்கள் கண்ணாடிக் காம்பை இறுக்கின. ஒரே ஒரு தடவை எடுத்து அந்த மூன்று புள்ளியைக் காட்டினால் போதும், அசல் என்ஜின் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். காட்டவில்லை.

அவர் வாசலுக்கு வந்தபோது டுவெய்ன் இரைக்க இரைக்க ஓடி வந்தான். "ஹெர்ஷல், நில்லுங்க. அது உங்க என்ஜின்தான். கண்ணாடி விட்டுப் பாத்தீங்களே, உங்களுக்கே தெரியும். வெடிப்பு இல்லேன்னு லேத்துக்காரன் அப்புறமாத்தான் சொன்னான், சத்தியமா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா மார்லா நம்புவா. இல்லேன்னா இந்தக் கார் ஆயுசுக்கும் போலிதான்."

"இப்ப என்னடா திடீர்னு மரியாதை பொங்குது?"

"தப்புதான். மனசாரக் கேக்கறேன், மன்னிச்சிருங்க."

"அதையும் எழுதிக் குடேன். உன் எழுத்துதான் எனக்கு நல்லாப் பழக்கமாச்சே."

டுவெய்னின் கண்ணில் தண்ணீர் நின்றது. வெயில் அப்படி என்று எண்ணிக்கொண்டு, ஹெர்ஷல் காலை இழுத்தபடி தன் வண்டியை நோக்கி நடந்தார்.